'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது': அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஒரு கார்டு மாறுகிறது

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க போனைத் திறக்கிறீர்கள். திரையில் ஒரு வரி: 'பராமரிப்புப் பணி காரணமாக இன்று இரவு 11 மணி முதல் அதிகாலை 4 மணி வரை சேவை கிடைக்காது.' நாளைக்குக் கல்லூரியில் சான்றிதழ் காட்ட வேண்டும். "அப்படி என்னதான் பராமரிக்கிறாங்க? அதுவும் இன்னைக்குத்தானா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

பராமரிப்பு என்ற சொல்லுக்குள் பல வேலைகள் அடங்கும். மென்பொருளைப் புதுப்பிப்பது, தரவுத்தளத்தைச் சரிபார்ப்பது, மின் இணைப்பைச் சோதிப்பது என்று பட்டியல் நீளும். அவற்றில் அதிகம் பேசப்படாத ஒரு வேலையை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். பெரிய நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றிலிருந்து பழுதான கார்டைக் கழற்றி, புது கார்டைப் பொருத்தும் வேலை அது. கையால் செய்கிற பகுதி சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களை எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான், நீங்கள் பாதியில் விட்ட விண்ணப்பமும் கட்டிய கட்டணமும் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

உங்கள் விண்ணப்பம் போகிற வழி

போனில் 'சமர்ப்பி' பட்டனைத் தொட்டதும் உங்கள் விவரங்கள் செல்போன் கோபுரத்துக்கோ வீட்டு வைஃபைக்கோ போகின்றன. அங்கிருந்து இணைய நிறுவனத்தின் கேபிள் வழியாகத் தரவு மையத்தை அடைகின்றன. தமிழ்நாட்டில் மாநிலத் தரவு மையத்தை எல்காட் நிறுவனம் நிர்வகிக்கிறது. மாவட்ட, வட்ட அலுவலகங்களை ஒன்றோடொன்று இணைக்க 'டிஎன்ஸ்வான்' எனப்படும் மாநில அளவிலான தனி வலையமைப்பும் இருக்கிறது.

தரவு மையத்துக்குள் நுழைந்த பிறகும் பயணம் முடிவதில்லை. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, சரியான சர்வரைத் தேடிப் போக வேண்டும். எந்தத் தகவல் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதுதான் சுவிட்சின் வேலை. பெரிய பேருந்து நிலையத்தில் "மதுரை வண்டி அங்க, சேலம் வண்டி இங்க" என்று வழி காட்டுபவரைப் போல. ஒரே வித்தியாசம், இங்கே ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கான 'பயணிகள்' வந்து போகிறார்கள்.

"சர்வர் டவுன்" என்று நாம் சொல்லும் எல்லா நேரத்திலும் சர்வர் நின்றுபோயிருக்கும் என்று சொல்ல முடியாது. சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதற்குப் போகும் வழி அடைபட்டிருக்கும்.

சேசிஸ் என்றால் என்ன?

வீட்டிலோ கடையிலோ இருக்கும் சுவிட்ச் சின்னப் பெட்டி. 5 அல்லது 8 துளைகள் இருக்கும். கெட்டுப்போனால் பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிடுவோம். நூற்றுக்கணக்கான கேபிள்கள் வந்து சேரும் இடத்தில் அப்படிச் செய்ய முடியாது.

அதற்காக வந்ததுதான் சேசிஸ் சுவிட்ச். ஆளுயர இரும்பு அலமாரியில் பொருத்தப்படும் கனமான கூடு இது. கூட்டுக்குள் வரிசையாகத் தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்லாட் என்று பெயர். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு கார்டைச் செருகலாம். ஏடிஎம் கார்டு அளவில் நினைத்துவிடாதீர்கள். பெரிய தாம்பாளத் தட்டு அகலத்தில், மின்னணுச் சில்லுகள் நிறைந்த பலகை அது. இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

கார்டுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

• லைன் கார்டு: கேபிள்கள் செருகப்படும் துளைகள் கொண்டது.
• சூப்பர்வைசர் கார்டு: மொத்தச் சுவிட்சுக்கும் மூளை போன்றது. எது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும்.

இவற்றோடு மின்சாரம் தரும் பவர் சப்ளைகளும் விசிறிகளும் தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி இருக்கும். கார்டுகளை எல்லாம் இணைக்கும் முதுகெலும்பு கூட்டின் பின்புறம் உள்ளது. அதற்குப் பேக்பிளேன் என்று பெயர்.

உதாரணத்துக்கு, உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9400 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் 4, 7, 10 ஸ்லாட்கள் கொண்ட கூடுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 2 ஸ்லாட்கள் சூப்பர்வைசருக்கு. 10 ஸ்லாட் கூட்டில் மீதி 8 ஸ்லாட்டிலும் 48 துளைகள் கொண்ட லைன் கார்டுகளைப் போட்டால் 384 இணைப்புகள். அதில் ஒரு கார்டு பழுதானால் 48 இணைப்புகளுக்குத்தான் சிக்கல், மற்ற 336 தொடர்ந்து ஓடும். கூட்டை மாற்ற வேண்டாம், அந்தக் கார்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றலாமா?

பெரும்பாலான சேசிஸ் சுவிட்சுகளில் கழற்றலாம். இதற்கு 'ஹாட் ஸ்வாப்' என்று பெயர். இதன் ரகசியம் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. மிக்சியின் மூன்று பின் பிளக்கைப் பாருங்கள். எர்த் பின் மட்டும் மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கும். செருகும்போது முதலில் எர்த் தொடும், பிடுங்கும்போது கடைசியாக எர்த் விடுபடும். பாதுகாப்புக்கான ஏற்பாடு அது.

சேசிஸ் கார்டின் பின்புறத்திலும் இதே தத்துவம்தான். பின்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது. செருகும்போது எர்த்தும் மின்சாரமும் தரும் நீளமான பின்கள் முதலில் தொடும். தகவல் போகும் குட்டைப் பின்கள் பிறகுதான் தொடும். கழற்றும்போது வரிசை தலைகீழ். இப்படிப் பின்கள் ஒவ்வொன்றாக விடுபடுவதை வைத்து, கார்டு வெளியேறப் போகிறது என்று சுவிட்ச் தெரிந்துகொள்கிறது.

1999-ல் அறிமுகமாகி நீண்ட காலம் பயன்பாட்டில் இருந்த கேட்டலிஸ்ட் 6500 வரிசையில், கார்டு உள்ளே நுழையும் அந்தச் சிறு நேரத்தில் பொதுப்பாதையில் போக்குவரத்து ஒரு கணம் நிறுத்தப்படும். கார்டு முழுசாக உட்கார்ந்ததும் மறுபடி ஓடும். அரைகுறையாகச் செருகிவிட்டு நின்றால் அந்த நிறுத்தம் நீளும். பக்கத்துக் கார்டுகளும் பாதிக்கப்படலாம். "மெதுவா, யோசிச்சு யோசிச்சு" தள்ளுவது இங்கே உதவாது. நேராக, ஒரே சீராகத் தள்ளி முடிக்க வேண்டும்.

அப்புறம் எதற்கு இரவு நேரம்?

ஓடும்போதே மாற்றலாம் என்றால் எதற்கு 11 மணி முதல் 4 மணி வரை அறிவிப்பு? மூன்று காரணங்கள்.

ஒன்று, கழற்றும் கார்டிலிருந்த இணைப்புகள் கண்டிப்பாக நிற்கும். ஒரு சர்வரின் கேபிள்கள் இரண்டு வெவ்வேறு கார்டுகளில் இருந்தால், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். ஒரே கார்டை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சேவை நின்றுவிடும்.

இரண்டு, தவறு நடக்க வாய்ப்பு உண்டு. 5-ஆம் ஸ்லாட்டுக்குப் பதில் 6-ஆம் ஸ்லாட்டைக் கழற்றிவிட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 48 இணைப்புகள் போய்விடும். பகல் 11 மணிக்கு அப்படி நடந்தால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று, புது கார்டும் பழுதாக இருக்கலாம். அப்போது பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் தேவை. ஐந்து மணி நேர அறிவிப்பு என்றால் ஐந்து மணி நேரமும் வேலை நடக்கும் என்று பொருள் கொள்ள வேண்டாம். திரும்பி வருவதற்கான நேரமும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்கும் என்று உறுதி கொடுத்தால், வருடத்துக்கு சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். 99.99 சதவீதம் என்றால் வருடத்துக்கே சுமார் 52 நிமிடம்தான். திட்டமில்லாமல் ஒரு கார்டைப் பிடுங்கினால் ஒரு வருடத்துக்கான அந்த 52 நிமிடத்தையும் ஒரே இரவில் செலவழித்துவிடலாம்.

கழற்றுவதற்கு முன்

நல்ல பொறியாளர் கார்டைத் தொடும் முன்பே பாதி வேலையை முடித்திருப்பார்.

• சுவிட்சின் அமைப்பு விவரங்களை நகலெடுத்து வேறு கணினியில் பத்திரப்படுத்துவார்.
• புது கார்டு அதே மாடல்தானா, சுவிட்சில் இருக்கும் மென்பொருள் அதை ஏற்குமா என்று பார்ப்பார். அதே மாடல் அதே ஸ்லாட்டில் வந்தால் பழைய அமைப்புகள் பொதுவாக அப்படியே பொருந்தும். வேறு மாடல் என்றால் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.
• எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுவார். போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்வார்.
• கையில் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை மாட்டி, அதன் மறுமுனையைக் கூட்டோடு இணைப்பார்.

அந்தப் பட்டை எதற்கு? நம் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். கம்பளியைத் தொட்டுவிட்டுக் கதவுக் கைப்பிடியைத் தொடும்போது 'சுரீர்' என்கிறதே, அதுதான். சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் நமக்கே அது தெரியும். ஆனால் சில சில்லுகளைக் கெடுக்க 100 வோல்ட்டுக்கும் குறைவே போதும். அதாவது, நமக்கு எதுவுமே தெரியாமல் புத்தம் புது கார்டைக் கெடுத்துவிட முடியும். இதில் இன்னொரு சங்கடம், கார்டு உடனே கெடாமல் சில வாரம் ஓடிவிட்டுப் பிறகும் மக்கர் செய்யலாம். பட்டைக்குள் 1 மெகாஓம் மின்தடை இருக்கும். அணிந்திருப்பவருக்கு ஷாக் அடிக்காமல் காப்பதும் அதுதான்.

கழற்றும் வரிசை

முதலில் சரியான ஸ்லாட்டை உறுதி செய்ய வேண்டும். சில மாடல்களில் கட்டளை கொடுத்தால் அந்தக் கார்டில் மட்டும் நீல விளக்கு எரியும். "இதுதான் நீங்க தேடுற கார்டு" என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பிறகு அந்த ஸ்லாட்டுக்கான மின்சாரத்தைக் கட்டளை மூலம் நிறுத்துவார்கள். ஓடும்போதே கழற்றும் வசதி இருந்தாலும் இதுதான் பாதுகாப்பான வழக்கம். அடுத்து கேபிள்களை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஃபைபர் கேபிள் என்றால் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும். தூசி படாமல் இருக்க முனையில் உடனே மூடி போட வேண்டும்.

கார்டின் இரு ஓரத்திலும் திருகுகளும் சின்ன நெம்புகோல்களும் இருக்கும். திருகுகளைத் தளர்த்தி, இரண்டு நெம்புகோல்களையும் ஒரே நேரத்தில் வெளிப்புறமாகத் திருப்பினால் கார்டு பேக்பிளேனிலிருந்து விடுபடும். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் கார்டு சாய்ந்து பின்கள் வளையும் அபாயம் உண்டு. பேக்பிளேனில் ஒரு பின் வளைந்தால் மாற்ற வேண்டியது ஒரு கார்டாக இருக்காது, முழுக் கூட்டையே மாற்ற வேண்டிவரும். ஒரு கையை அடியில் தாங்கலாகக் கொடுத்து, நேராக இழுத்து, ஆன்டி-ஸ்டாட்டிக் பைக்குள் வைப்பார்கள்.

புது கார்டு உள்ளே போகிறது

ஸ்லாட்டின் இரு பக்கமும் இருக்கும் வழிகாட்டிப் பள்ளத்தில் கார்டைப் பொருத்தி உள்ளே தள்ள வேண்டும். பலகையில் இருக்கும் சில்லுகளைத் தொடாமல், உலோக ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். நெம்புகோல்கள் கூட்டைத் தொட்டதும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கார்டு உட்காரும். திருகுகளை இறுக்கினால் கைவேலை முடிந்தது.

இனி காத்திருப்பு. நிறுத்திய மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்ததும் கார்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆரஞ்சு விளக்கு எரியும். எல்லாம் சரி என்றால் பச்சை, சோதனையில் தோற்றால் சிவப்பு. பச்சை வந்த பிறகுதான் பெயர்ச்சீட்டைப் பார்த்துக் கேபிள்களைத் திரும்பச் செருகுவார்கள். ஒவ்வொரு இணைப்பும் உயிர்பெற்றதா, பிழைகள் ஏறுகின்றனவா என்று பார்த்து, உண்மையான விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து சோதித்த பிறகே 'பணி முடிந்தது' என்று எழுதுவார்கள். பச்சை விளக்கை மட்டும் நம்பி வீட்டுக்குக் கிளம்பினால் காலையில் போன் வரும்!

மூளையை மாற்றும்போது

சூப்பர்வைசர் கார்டுக்குக் கூடுதல் கவனம் தேவை. சென்னையிலிருந்து நெடுந்தூரம் போகும் பேருந்தில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால் ஒருவர் ஓட்ட, மற்றவர் தயாராக இருப்பார் அல்லவா? அதுபோல் இரண்டு சூப்பர்வைசர்களில் ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது வைத்திருக்கும் தகவல்கள் இரண்டாவதுக்கும் உடனுக்குடன் போய்க்கொண்டே இருக்கும்.

வேலை செய்துகொண்டிருப்பதை மாற்ற வேண்டுமானால், மற்றது முழுத் தயார் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு கட்டளை மூலம் பொறுப்பைக் கைமாற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் கழற்ற வேண்டும். ஒரே ஒரு சூப்பர்வைசர்தான் இருக்கிறது என்றால் அதைக் கழற்றிய நொடியில் மொத்தச் சுவிட்சும் நிற்கும். உதிரிக்கு இன்னொன்று வாங்குவது வீண்செலவு போலத் தெரியும். அந்த ஒரு இரவில்தான் அதன் மதிப்பு புரியும்.

காலி ஸ்லாட்டும் பழைய கார்டும்

கார்டு இல்லாத ஸ்லாட்டைத் திறந்தபடி விடக் கூடாது. வெற்றுத் தகடு போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் விசிறி இழுக்கும் காற்று அந்த ஓட்டை வழியே தப்பிவிடும். மற்ற கார்டுகள் சூடாகும், தூசியும் புகும்.

பழைய கார்டைக் குப்பையில் போட முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச்சேர வேண்டும். சூப்பர்வைசர் கார்டு என்றால் அதன் நினைவகத்தில் வலையமைப்பின் அமைப்பு விவரங்களும் கடவுச்சொற்களும் இருக்கும். அவற்றை அழித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். நம் பழைய போனை விற்கும் முன் எல்லாவற்றையும் அழிக்கிறோமே, அதே எச்சரிக்கைதான்.

அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை

• பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்தால், கடைசித் தேதி உள்ள விண்ணப்பத்தை அதற்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள். 'நைட்டு பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம்.

• விண்ணப்ப எண் திரையில் வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எண் வந்துவிட்டால், பக்கம் அதன் பிறகு உறைந்தாலும், சேவை திரும்பியதும் அந்த எண்ணை வைத்து நிலையைப் பார்க்கலாம்.

• பணம் கழிந்து ரசீது வரவில்லையா? உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் வங்கிச் செயலியில் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். யுபிஐ-யில் உங்கள் கணக்கில் பணம் கழிந்து, பெறுபவர் தரப்புக்கு உறுதி போகாமல் பரிவர்த்தனை தோற்றிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி 5 நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியில் 'வெற்றி' என்று காட்டி, தளத்தில் மட்டும் ரசீது வரவில்லை என்றால், பரிவர்த்தனை எண்ணோடு அந்தச் சேவையின் உதவி மையத்தில் புகார் பதியுங்கள்.

• "மெயின் சைட் வேலை செய்யல, இந்த லிங்க்ல கட்டுங்க" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் தொடாதீர்கள். பராமரிப்பு நேரத்தைக் காரணம் காட்டி ஏமாற்றுவது மோசடிக்காரர்களுக்கு எளிது. பணம் இழந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.

• எந்த அறிவிப்பும் இல்லாமல் பக்கம் திறக்கவில்லை என்றால், வேறொரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் உங்கள் இணைப்பில்தான். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள்.

• அறிவித்த நேரம் முடிந்தும் சேவை வரவில்லை என்றால் அதைப் பற்றிக் கேட்பது உங்கள் உரிமை. முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைத்து, சேவையின் பெயர், நாள், நேரம் மூன்றையும் சொல்லுங்கள். "ஒண்ணுமே வேலை செய்யல" என்று சொல்வதைவிட அந்த மூன்று விவரங்கள்தான் பழுதை வேகமாகக் கண்டுபிடிக்க உதவும்.

ஒரு கார்டு ஒழுங்காக மாற்றப்பட்டால் வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. காலை 9 மணிக்கு இ-சேவை மையத்தில் டோக்கன் நம்பர் ஓடும், பட்டா நகல் பிரிண்டரிலிருந்து வரும், கல்லூரிக்குப் போக வேண்டிய சான்றிதழ் போனில் இறங்கும். அடுத்த முறை அந்த அறிவிப்பைப் பார்க்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.